முப்பத்தொரு வயதில் ஒரு தொடக்கம்

2025ஆம் ஆண்டு, ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. பிரான்சு நாட்டின் மேற்குக் கோடியில் அமைந்துள்ள பிரித்தானி வட்டாரத்தில், பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தின் இரண்டாம் நாள் ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. பிரெஸ்ட் நகரிலிருந்து புறப்பட்ட வீராங்கனைகள் ஏறத்தாழ 110 கிலோமீட்டர் ஓடி, கெம்பேர் நகரில் ஓட்டத்தை முடிக்க வேண்டும். இன்னும் பத்துக் கிலோமீட்டர் அளவே எஞ்சியிருந்தபோது, ஒரு வீராங்கனை கூட்டத்தைவிட்டு விலகி முன்னே பாய்ந்தார். உலகின் மிக வேகமான வீராங்கனைகள் அவரைத் துரத்தினர். இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. ஆயினும், அவர் பிடிபடவில்லை. சில விநாடி வித்தியாசத்தில் அவரே முதலில் எல்லைக்கோட்டைக் கடந்தார்.

அவர் பெயர் மாவி கார்சியா. ஸ்பெயின் நாட்டவர். அன்று அவருக்கு வயது 41. அவருக்கு அடுத்து வந்த நெதர்லாந்து வீராங்கனை லொரெனா வீபஸ், அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். 2022ஆம் ஆண்டில் புத்துயிர் பெற்ற இந்தப் பந்தயத்தில், ஒரு நாள் ஓட்டத்தை வென்றவர்களுள் மிகவும் மூத்தவர் என்னும் சிறப்பையும் கார்சியா அன்று பெற்றார்.

நாற்பத்தொரு வயதில் வெல்வது வியப்புதான். ஆனால், எனக்கு அதைவிட வியப்பளித்த செய்தி ஒன்று உண்டு. தொழில்முறை மிதிவண்டிப் பந்தயத்தில் அவர் அடியெடுத்து வைத்ததே முப்பத்தொரு வயதில்தான்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்னும் பழமொழியை நாம் அனைவரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். இளமையில் கற்காத ஒன்றை முதுமையில் கற்பது கடினம் என்பதே அதன் பொருள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், அந்தப் பழமொழியை நாம் இன்று எப்படிப் பயன்படுத்துகிறோம்? பதினைந்து வயது மாணவர் ஒருவர் நீச்சல் கற்க விரும்பினால், "மற்றவர்கள் ஆறு வயதிலேயே தொடங்கிவிட்டார்களே" என்கிறோம். வீணை கற்க விரும்பும் பதினாறு வயது மாணவியிடம், "இனிமேல் தொடங்கி எப்போது அரங்கேறுவாய்?" என்று கேட்கிறோம். இதன் விளைவாக, "எனக்குக் காலம் கடந்துவிட்டது" என்று பதின்ம வயதிலேயே சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள் சிலர். வாழ்க்கை தொடங்கும் முன்பே கதவை மூடிக்கொள்வது எவ்வளவு பெரிய இழப்பு!

தாமதமாகத் தொடங்குவது தோல்வியின் அறிகுறி அன்று என்பதே என் கருத்து. அதே வேளையில், எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று காத்திருப்பதும் சரியன்று. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மாவி கார்சியாவின் விளையாட்டு வாழ்க்கை தெளிவாகக் காட்டுகிறது.

கார்சியா 1984ஆம் ஆண்டு பிறந்தவர். மத்தியதரைக் கடலில் உள்ள மயோர்க்கா தீவு அவருடைய ஊர். அத்தீவின் வடமேற்கில் திராமுந்தானா என்னும் மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. அதன் உயர்ந்த சிகரம் 1,400 மீட்டருக்கும் அதிக உயரம் கொண்டது. வளைந்து வளைந்து ஏறும் அதன் மலைச்சாலைகளில் பயிற்சி செய்வதற்காக, குளிர்காலத்திலும் வசந்த காலத்திலும் ஐரோப்பாவெங்கும் உள்ள மிதிவண்டி அணிகள் அத்தீவுக்கு வருகின்றன. உலகமே தேடிவரும் சாலைகள் அவருடைய வீட்டருகே இருந்தன. இருந்தும், அவர் இளமையில் மிதிவண்டி வீராங்கனையாகவில்லை.

அவர் ஓட்டப்பந்தயத்தில் ஈடுபட்டார். பின்னர், டூயத்லான் என்னும் இரட்டைப் போட்டியில் கால்பதித்தார். இப்போட்டியில் முதலில் ஓட வேண்டும். அடுத்து மிதிவண்டி ஓட்ட வேண்டும். அதன்பின் மீண்டும் ஓட வேண்டும். களைத்த கால்களுடன் மறுபடியும் ஓடுவதற்கு அசாத்தியமான மூச்சுத்திறன் தேவை. அப்போட்டியில் அவர் சிறந்து விளங்கினார். 2015ஆம் ஆண்டில், ஸ்பெயினின் வடபகுதியைச் சேர்ந்த பிஸ்காயா-துராங்கோ என்னும் மிதிவண்டி அணியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 31. பல வீராங்கனைகள் ஓய்வுபெறுவதைப் பற்றி எண்ணத் தொடங்கும் வயது அது.

அவர் ஏன் முன்பே தொடங்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். இக்கேள்விக்கு விடை தேட, கார்சியாவை மட்டும் பார்த்தால் போதாது. அவர் வளர்ந்த காலத்தையும் பார்க்க வேண்டும்.

அவர் பிறந்த அதே 1984ஆம் ஆண்டில்தான், டூர் டி பிரான்ஸ் அமைப்பாளர்கள் ஆண்கள் பந்தயத்துடன் பெண்களுக்கும் பல நாள் பந்தயம் ஒன்றை நடத்தத் தொடங்கினார்கள். அதில் அமெரிக்காவின் மரியான் மார்ட்டின் வாகை சூடினார். ஆனால், அம்முயற்சி 1989ஆம் ஆண்டோடு நின்றுபோனது. அப்போது கார்சியாவுக்கு ஐந்து வயது. அதன்பின் பிரான்சில் வேறு அமைப்பாளர்கள் வேறு பெயர்களில் பெண்கள் பந்தயத்தை நடத்தினார்கள். ஸ்பெயினின் பாஸ்க் வட்டாரத்தைச் சேர்ந்த ஜோவானே சொமாரிபா 2000, 2001, 2003 ஆகிய ஆண்டுகளில் அப்பந்தயத்தை மும்முறை வென்றார். இத்தாலியின் புகழ்பெற்ற ஜீரோ பந்தயத்தையும் 1999, 2000 ஆகிய ஆண்டுகளில் வென்றவர் அவர். அத்தகைய சாதனையாளர் வாழ்ந்த நாட்டில்கூட, பெண்கள் மிதிவண்டிப் பந்தயம் ஆண்கள் பந்தயத்தின் நிழலிலேயே இருந்தது. பிரான்சில் நடந்த அப்பந்தயமும் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி, 2009ஆம் ஆண்டோடு நின்றது. கார்சியாவுக்கு அப்போது வயது 25. ஒரு வீராங்கனை வளர்ந்து முன்னேற வேண்டிய வயதில், அவர் கனவு காண வேண்டிய பந்தயமே உலகில் இல்லாமல் போயிற்று.

ஆகவே, தாமதம் என்பது எப்போதும் ஒருவருடைய சோம்பலால் வருவதன்று. சில நேரங்களில் பாதையே தாமதமாகத்தான் போடப்படுகிறது. இதை உணராமல் ஒருவரைப் பார்த்து, "நீ ஏன் முன்பே தொடங்கவில்லை?" என்று கேட்பது முறையாகாது.

இனி, முப்பத்தொரு வயதில் தொடங்கிய கார்சியாவிடம் எது இருந்தது, எது இல்லை என்பதைப் பார்ப்போம். ஓட்டத்தாலும் டூயத்லானாலும் வலுப்பெற்ற இதயமும் நுரையீரலும் அவரிடம் இருந்தன. நீண்ட மலையேற்றங்களில் சோர்வைப் பொறுத்துக்கொள்ளும் மனவுறுதியும் இருந்தது. ஆனால், சாலைப் பந்தயத்திற்கு உடல் வலிமை மட்டும் போதாது. நூற்றுக்கும் மேற்பட்ட வீராங்கனைகள் தோளோடு தோள் உரசும் நெருக்கத்தில், மணிக்கு 40 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் செல்வார்கள். முன்னால் செல்பவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது, அவருக்குப் பின்னால் ஒட்டிச் செல்பவருக்கு ஆற்றல் பெருமளவு மிச்சமாகும். எனவே, எவருக்குப் பின்னால், எப்போது, எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதைக் கணப்பொழுதில் முடிவுசெய்ய வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் எவ்வளவு வேகத்தில் திரும்பலாம் என்பதும் தெரிய வேண்டும். சிறுவயது முதலே பந்தயங்களில் கலந்துகொண்டவர்களுக்கு இவையெல்லாம் இயல்பாகக் கைவந்துவிடும். முப்பது வயதுக்குமேல் வருபவரோ ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துக் கற்க வேண்டும். இந்த வகையில், பழமொழி சொல்வது சரிதான். தாமதமாகத் தொடங்குபவர் அதற்குரிய விலையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

கார்சியாவும் அந்த விலையைக் கொடுத்தார். பிஸ்காயா-துராங்கோ அணியில் மூன்று ஆண்டுகள் ஓடிப் பழகினார். 2018ஆம் ஆண்டில் மொவிஸ்டார் நிறுவனம் பெண்களுக்கான அணியைத் தொடங்கியபோது, அதன் முதல் வீராங்கனைகளுள் ஒருவரானார். ஸ்பெயினின் தேசிய வெற்றியாளர் பட்டத்தைப் பலமுறை வென்றார். எனினும், உலகின் பெரிய பந்தயங்களில் முதலிடம் எளிதில் கிட்டவில்லை.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் நடந்ததைப் பாருங்கள். இத்தாலியின் தொஸ்கானா வட்டாரத்தில் ஸ்ட்ராடே பியாங்கே என்னும் பந்தயம் நடந்தது. இப்பந்தயப் பாதையின் ஒரு பகுதி, தார் போடாத வெண்ணிறச் சரளைச் சாலைகளால் ஆனது. கடும் வெயிலில் புழுதி பறந்தது. கார்சியா அனைவரையும் பின்தள்ளிவிட்டுத் தனியாக முன்னே சென்றார். வெற்றி அவருக்குத்தான் என்று தோன்றிய வேளையில், அப்போதைய உலக வெற்றியாளரான நெதர்லாந்தின் அன்னமீக் வான் ஃபிளூட்டன் அவரை எட்டிப்பிடித்தார். சியனா நகரின் செங்குத்தான கடைசி ஏற்றத்தில் முந்திச் சென்று வெற்றியையும் தட்டிச்சென்றார். கார்சியாவுக்குக் கிடைத்தது இரண்டாம் இடம்.

2022ஆம் ஆண்டு அவருக்கு மகிழ்ச்சியையும் வேதனையையும் ஒரே மாதத்தில் தந்தது. ஜூலைத் தொடக்கத்தில், பத்துக் கட்டங்களாக நடைபெற்ற இத்தாலியின் ஜீரோ பந்தயத்தில் ஒட்டுமொத்தமாக மூன்றாம் இடத்தைப் பிடித்து மேடையேறினார். அப்போது அவருக்கு 38 வயது. அதே மாத இறுதியில், புத்துயிர் பெற்ற பெண்கள் டூர் டி பிரான்ஸ் தொடங்கியது. முன்னணி இடம் பெறக்கூடியவர்களுள் ஒருவராக அவர் கருதப்பட்டார். ஆனால், ஜூலை 27ஆம் நாள், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சென்ற சரளைச் சாலைகளில் அவருக்குத் துன்பம் காத்திருந்தது. சக்கரம் பழுதாகி, மிதிவண்டியை மாற்ற வேண்டியதாயிற்று; அதுவும் ஒருமுறையன்று. இழந்த நேரத்தை ஈடுகட்ட அவர் விரைந்துகொண்டிருந்தபோது, அவருடைய அணியின் காரே பின்னாலிருந்து மோதியது. கார்சியா கீழே விழுந்தார். பிறகு எழுந்து, மீண்டும் மிதிவண்டியில் ஏறி ஓட்டத்தை முடித்தார். முன்னணியில் வரும் வாய்ப்பு அன்று அவர் கையைவிட்டு நழுவியது.

அந்த நாளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 2022ஆம் ஆண்டு, ஜூலை 27. கெம்பேர் நகரில் அவர் வென்ற நாள், 2025ஆம் ஆண்டு, ஜூலை 27. அதே பந்தயத்தில் அவர் கீழே விழுந்து, சரியாக மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. அந்த மூன்றாண்டுகளில் அவருக்கு வயது மூன்று கூடியது. ஆனால், அனுபவமும் கூடியது. எப்போது பாய வேண்டும் என்பதை அவர் கற்றிருந்தார். இறுதி ஓட்டத்தில் வீபஸ் போன்ற விரைவோட்ட வீராங்கனைகளை வெல்ல முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான், அந்த நிலை வரும் முன்பே தனித்துச் சென்றார். இளமையின் வேகத்தை அவர் தம் அனுபவத்தால் வென்றார் என்றே நான் கருதுகிறேன்.

இந்தக் கருத்தைச் சிலர் மறுக்கக்கூடும். "கார்சியா ஆயிரத்தில் ஒருவர். விதிவிலக்கை வைத்துக்கொண்டு விதியை மாற்ற முடியுமா?" என்று அவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முப்பத்தொரு வயதில் மிதிவண்டி வாங்கும் எல்லாரும் டூர் டி பிரான்சில் வெல்லப் போவதில்லை. விளையாட்டுக்கு விளையாட்டு நிலைமை மாறுபடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சீருடற்பயிற்சி போன்ற விளையாட்டுகளில் உலகத்தரத்தை எட்ட, சிறுவயதிலேயே பயிற்சியைத் தொடங்குவது பெரும்பாலும் இன்றியமையாதது. நீண்டநேரம் உழைக்கும் ஆற்றலைச் சார்ந்த சாலைப் பந்தயம் அப்படிப்பட்டதன்று.

ஆயினும், கார்சியா ஒருவர் மட்டுமே விதிவிலக்கு என்று சொல்லிவிட முடியாது. அவரைச் சியனாவில் முந்திய வான் ஃபிளூட்டன், முன்பு கால்பந்து விளையாடியவர். முழங்காலில் ஏற்பட்ட காயத்தால் மிதிவண்டிக்கு மாறியவர். பல்கலைக்கழகத்தில் நோய்ப்பரவலியல் துறையில் முதுகலைப் பட்டம் பெற்றவர். அவர் 2022ஆம் ஆண்டின் பெண்கள் டூர் டி பிரான்சை வென்றபோது அவருக்கு வயது 39. ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர், ஸ்பெயினின் பார்சலோனா நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஓட்டத்தில் ஏற்பட்ட காயத்தால் மிதிவண்டியின் பக்கம் வந்தவர். தோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் சாலைப் பந்தயத்தின் தங்கப் பதக்கத்தை வென்று உலகையே திகைக்க வைத்தார். அமெரிக்காவின் கிறிஸ்டின் ஆம்ஸ்டிராங், மூட்டுநோய் காரணமாக முன்பு ஈடுபட்டிருந்த டிரையத்லானைக் கைவிட்டு மிதிவண்டிக்கு வந்தார். 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில், தம் 43ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், மூன்றாவது முறையாகத் தங்கம் வென்றார். ஒரு விதிவிலக்கு இருந்தால் அது வியப்பு. பல விதிவிலக்குகள் இருந்தால், விதியையே மறுபடியும் ஆராய வேண்டுமல்லவா?

மற்றொரு மறுப்பும் எழக்கூடும். "இப்படிப்பட்ட கதைகளைச் சொன்னால், மாணவர்கள் எல்லாவற்றையும் தள்ளிப்போடப் பழகிவிடுவார்கள்" என்று பெற்றோரும் ஆசிரியர்களும் அஞ்சலாம். அந்த அச்சத்தை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால், கார்சியாவின் கதையை முழுமையாகப் படிப்பவர் அந்த முடிவுக்கு வரமாட்டார். முப்பத்தொரு வயதுவரை அவர் வெறுமனே இருக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் ஓடினார், உடலைப் பக்குவப்படுத்தினார், போட்டிகளில் தோற்கவும் வெல்லவும் கற்றார். மிதிவண்டிப் பந்தயத்திற்குத்தான் அவர் தாமதமாக வந்தார். உழைப்புக்கு அவர் தாமதமாக வரவில்லை. "ஐந்தில் வளைதல்" என்பதற்கு நான் கொள்ளும் பொருள் இதுவே. இளமையில் நாம் வளைக்க வேண்டியது நம் பழக்கத்தை. அந்தப் பழக்கத்தை எந்தத் துறையில் பயன்படுத்துவது என்பதைப் பின்னரும் முடிவுசெய்யலாம்.

ஒரு துறையில் கற்றது மற்றொரு துறைக்குப் பயன்படும் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். ஓட்டத்தில் பெற்ற மூச்சுத்திறன் மலைச்சாலையில் உதவியது. கணக்கு ஆய்வாளராகப் பெற்ற திட்டமிடும் திறன் கீசன்ஹோஃபருக்கு ஒலிம்பிக்கில் கைகொடுத்தது. பள்ளியில் நீங்கள் பேச்சுப்போட்டிக்காகப் பெற்ற பயிற்சி, நாளை ஒரு நேர்முகத் தேர்வில் பயன்படலாம். சீருடை இயக்கத்தில் கற்ற ஒழுங்கு, பின்னாளில் ஒரு சிறு தொழிலை நடத்தும்போது துணைநிற்கலாம். மனம் ஒன்றிச் செய்த முயற்சி எதுவும் வீணாவதில்லை. அது எப்போது பலன் தரும் என்பதை முன்கூட்டியே கணிக்க முடியாது; அவ்வளவுதான்.

இவ்வளவு சொன்ன பிறகும், ஒரு முக்கியமான செய்தி எஞ்சியிருக்கிறது. தனிமனித முயற்சியை மட்டும் புகழ்ந்துவிட்டு நாம் நகர்ந்துவிடக் கூடாது. கார்சியாவின் வெற்றியில் திறந்த கதவுகளுக்கும் பங்குண்டு. அனைத்துலக மிதிவண்டி ஒன்றியம் 2016ஆம் ஆண்டில் பெண்களுக்கான உலகத் தொடர் போட்டியைத் தொடங்கியது. 2020ஆம் ஆண்டில், உயர்நிலைப் பெண்கள் அணிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் என்னும் விதியைக் கொண்டுவந்தது. ஆண்டுக்கு 15,000 யூரோ என்று தொடங்கிய அத்தொகை, பின்னர் படிப்படியாக உயர்ந்தது. அதற்கு முன், பல வீராங்கனைகள் வேறு வேலை பார்த்துக்கொண்டும் படித்துக்கொண்டுமே பந்தயத்தில் ஓட வேண்டியிருந்தது. 2022ஆம் ஆண்டில் பெண்கள் டூர் டி பிரான்ஸ் மீண்டும் வந்தது. 2023ஆம் ஆண்டில் ஸ்பெயினின் பெண்கள் வுவெல்டாவும் ஏழு நாள் பந்தயமாக வளர்ந்தது. இந்தக் கதவுகள் ஒவ்வொன்றும் கார்சியா முப்பதைக் கடந்த பின்னரே திறந்தன. அவர் இருபது ஆண்டுகள் முன்னதாகப் பிறந்திருந்தால், நாற்பத்தொரு வயதுவரை இத்துறையில் நிலைத்திருக்க முடிந்திருக்குமா என்பது ஐயமே.

எனவே, "முயன்றால் எதுவும் முடியும்" என்று மாணவர்களிடம் மட்டும் சொல்வது பாதி உண்மைதான். முயல்பவருக்கு வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது மீதிப் பாதி. பள்ளியும் சமூகமும் அந்த மீதிப் பாதியைக் கவனிக்க வேண்டும். ஒரு துறையில் தொடக்கநிலையில் சேர்வதற்கான வாய்ப்பைச் சிறுவர்களுக்கு மட்டும் ஒதுக்கிவிடக் கூடாது. பதினைந்து வயதினரும் முதன்முறையாக ஒரு விளையாட்டையோ, ஒரு கலையையோ, ஒரு மொழியையோ கற்கத் தொடங்குவதற்கு இடமிருக்க வேண்டும். புதிதாகச் சேர்பவரைப் பார்த்து, ஏற்கெனவே தேர்ந்தவர்கள் நகைக்காத சூழலும் வேண்டும். இந்தக் கடைசிப் பொறுப்பு பெரியவர்களுடையது மட்டுமன்று, உங்களுடையதும்கூட. உங்கள் வகுப்புத் தோழர் ஒருவர் இவ்வாண்டுதான் பூப்பந்து மட்டையை முதன்முதலாகக் கையில் எடுக்கிறார் என்றால், அவருக்கு நீங்கள் தரும் வரவேற்பே அவர் நிலைப்பதா விலகுவதா என்பதை முடிவுசெய்யலாம்.

கெம்பேர் வெற்றியோடு கார்சியாவின் அந்த ஆண்டு முடிந்துவிடவில்லை. இரண்டு மாதங்கள் கழித்து, செப்டம்பர் 27ஆம் நாள், ருவாண்டாவின் தலைநகரான கிகாலியில் உலக வெற்றியாளர் போட்டி நடந்தது. சாலைப் பந்தயத்திற்கான உலகப் போட்டி ஆப்பிரிக்க மண்ணில் நடந்தது அதுவே முதன்முறை. மேடு பள்ளங்கள் நிறைந்த அந்நகரச் சாலைகளில் 160 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தை வீராங்கனைகள் கடக்க வேண்டியிருந்தது. கனடாவின் மக்டலீன் வலியேர் தங்கம் வென்றார். நியூசிலாந்தின் நீவ் ஃபிஷர்-பிளாக் வெள்ளி பெற்றார். வெண்கலம் பெற்று அவர்கள் பக்கத்தில் நின்றவர் மாவி கார்சியா. மேடையில் நின்ற மற்ற இருவரும் இருபதுகளில் இருந்தவர்கள்.

அந்த மேடைக் காட்சியை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தோன்றுகிறது. இளம் வயதில் தொடங்கி இளம் வயதிலேயே வென்றவரும் அங்கே நின்றார். முப்பதைக் கடந்து தொடங்கி நாற்பதைக் கடந்து வென்றவரும் அங்கே நின்றார். ஒருவருடைய பாதை மற்றவருடைய பாதையைப் பொய்யாக்கவில்லை. அவரவர் காலம் அவரவருக்கு வந்தது; இருவரும் ஒரே சாலையில்தான் ஓடினார்கள்.

இதைப் படிக்கும் உங்களுள் சிலர், தங்களுக்கு எது விருப்பம் என்பதை ஏற்கெனவே அறிந்திருப்பீர்கள். அவர்கள் தயங்காமல் முன்னேறட்டும். இன்னும் சிலர், தங்களுக்கு எது பொருந்தும் என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருப்பீர்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவர் எத்தனை பதக்கங்கள் வென்றிருக்கிறார் என்று எண்ணி மனம் சோர்ந்திருப்பீர்கள். அவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: உங்களுக்குரிய சாலை எது என்பது இன்று தெரியாமல் இருக்கலாம். அது தெரியும்வரை, கையில் இருக்கும் வேலையை முழுமனத்துடன் செய்யுங்கள். நாள்தோறும் சிறிதளவேனும் உழையுங்கள். நீண்ட நாளாகக் கற்க நினைத்து, "இனி எங்கே?" என்று ஒதுக்கிவைத்த ஒன்று உங்களிடம் இருந்தால், இந்த வாரமே அதன் முதல் பாடத்திற்குச் செல்லுங்கள். அங்கே உங்களைவிடச் சிறியவர்கள் உங்களை முந்திச் செல்லக்கூடும். செல்லட்டும், நீங்கள் தொடர்ந்து மிதியுங்கள்.